டெபியன் பயனரின் அன்றாட வாழ்க்கை

பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் கணிப்பொறி இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவேடு, மண் பரிசோதனை முடிவுகள், பயனாளிகளின் விவரம் ஆகியவை அதனுள்ளேயே சேமிக்கப்படுகின்றன. ஆயினும் அதனுள் யாது நிகழ்கிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. கிணற்று நீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சின் நின்றுவிட்டால் மூடியைக் கழற்றிப் பார்க்கத் தயங்காத நாம், கணிப்பொறி நின்றுவிட்டால் அதனை அணைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பதோடு அமைந்துவிடுகிறோம். இதற்கு நமது அறியாமை மட்டுமே காரணமன்று. பெரும்பாலான கணிப்பொறிகளை இயக்கும் மென்பொருள், பிறர் திறந்து பார்க்க இயலாதவாறு மூடி வைக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணமாகும்.

இவ்வாறு மூடப்படாத இயங்குதளங்களும் உண்டு. அவற்றை விரும்பி ஏற்று, ஆண்டுக்கணக்கில் அவற்றைக்கொண்டே தம் வேலைகளையெல்லாம் செய்துவருவோர் உலகெங்கும் உளர். அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எத்தகையது, அதிலிருந்து ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பெறக்கூடிய பயன் யாது என்பவற்றை, டெபியன் என்னும் இயங்குதளத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறியின் செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்வதில்லை. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் அளிப்பது, எந்தக் கோப்பை வன்தட்டில் எவ்விடத்தில் வைப்பது, அதனை எவர் திறக்கலாம், எவர் திறக்கலாகாது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இயங்குதளமேயாகும்.

இயங்குதளம் மனிதர் படிக்கக்கூடிய வடிவில் முதலில் எழுதப்படுகிறது. இதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் இது செயலி ஏற்கும் எண் வடிவுக்கு மாற்றப்படுகிறது. எண் வடிவை மட்டும் நமக்கு விற்பது, சேர்மானம் அச்சிடப்படாத உர மூட்டையை விற்பதற்கு ஒப்பாகும். திறந்த மூல இயங்குதளத்திலோ, சேர்மானமும் செய்முறையும் மூட்டையோடு வருகின்றன. அதனைப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துத் தரவும் உரிமமும் உடன் வருகிறது.

வரலாற்றுக் குறிப்பு

1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், யாவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க இயங்குதளம் ஒன்றை ஆக்கும் பொருட்டு ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தபோது முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. ஆயினும் பலவிடங்களில் சிதறிக்கிடந்த நிரல்களைத் திரட்டி, சோதித்து, ஒழுங்குபடுத்தித் தருவோர் தேவைப்பட்டனர். இப்பணிக்கென 1993 ஆகஸ்டு 16 அன்று இயன் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கியதே டெபியன் ஆகும். தம் பெயரையும், பின்னர் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் இணைத்து அவர் இப்பெயரைச் சூட்டினார்.

டெபியன் எந்த நிறுவனத்துக்கும் உடைமையன்று. பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் அதனைப் பேணி வருகின்றனர். 1997இல் அவர்கள் தம் பயனர்களோடு ‘சமூக ஒப்பந்தம்’ ஒன்றைச் செய்துகொண்டனர். பழுதுகளை மறைக்கமாட்டோம் என்பது அவ்வொப்பந்தத்தின் உறுதிமொழிகளுள் ஒன்று. ஆண்டுதோறும் நிகழும் அவர்களது மாநாடு 2023 செப்டம்பரில் நம் நாட்டின் கொச்சி நகரில் நடைபெற்றது. டெபியனின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9 அன்று வெளிவந்தது. அதன் களஞ்சியத்தில் 69,000க்கு மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உள்ளன.

நாளின் முதல் வேலை

டெபியனில் ஈடுபாடு கொண்ட பயனர், கணிப்பொறியை இயக்கியதும் செய்யும் முதல் வேலை களஞ்சியத்தின் நிலையை அறிவதாகும். ‘ஆப்ட் அப்டேட்’ என்னும் கட்டளையைத் தட்டியதும், பொதிகளின் புதிய பட்டியல் வந்து சேர்கிறது. பின்னர் ‘ஆப்ட் அப்கிரேட்’ என்று தட்டினால், எவ்வெப்பொதிகள் மாற்றப்படும், எவ்வளவு தரவு இறங்கும் என்பவற்றைக் கணிப்பொறி காட்டிவிட்டு, ‘செய்யலாமா?’ என்று கேட்டு நிற்கும். பழகிய பயனர் உடனே ‘ஆம்’ என்று சொல்வதில்லை. பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே ஒப்புதல் அளிப்பார். மொத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் இதற்கு வேண்டுவதில்லை.

இறங்கும் பொதி நம்பத்தக்கதா என்னும் ஐயம் எழலாம். சான்று பெற்ற விதை மூட்டையில் முத்திரை இருப்பதைப் போன்று, பொதிப் பட்டியலில் டெபியன் அமைப்பின் மின் கையொப்பம் உள்ளது. அப்பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் உரிய சரிபார்ப்பு எண் குறிக்கப்பட்டுள்ளது. வழியில் ஒரு பைட்டு மாறினாலும் எண் பொருந்தாது போகும், பொதி தள்ளப்படும். ஆதலின் எந்த நாட்டுக் களஞ்சியத்திலிருந்து பெற்றாலும் கேடில்லை.

இணைய வசதி குறைந்த சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. பத்துக் கணிப்பொறிகள் உள்ள அறையில் ஒரே பொதியைப் பத்து முறை இறக்க வேண்டுவதில்லை. ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ என்னும் நிரலை ஒரு கணிப்பொறியில் நிறுவிவிட்டால், அது முதல்முறை இறங்கிய பொதியைச் சேமித்து வைத்து, மற்ற ஒன்பதுக்கும் உள்ளூரிலேயே வழங்கிவிடும்.

தமிழில் எழுதுதல்

அலுவல் தொடங்கியபின் பயனருக்கு முதன்மையாக வேண்டுவது தமிழில் எழுதும் வசதியாகும். டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுத்து, தமிழிலேயே வினாக்களுக்கு விடையளித்து நிறுவ இயலும். 1999இல் வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகை அமைப்பும், ‘இன்ஸ்கிரிப்ட்’ அமைப்பும் அதனுள் இடம்பெற்றுள்ளன. ‘லோகித்’ முதலிய தமிழ் எழுத்துருக்கள் களஞ்சியத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

ஆசிரியர் பலர் முன்னர் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் வினாத்தாள்களைத் தட்டச்சு செய்து வைத்திருப்பர். அம்முறையில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் அமர்த்தப்பட்டிருந்தமையால், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற எழுத்துக் குவியலே தோன்றும். ஒருங்குறி முறையில் எழுதியவை இவ்வாறு சிதைவதில்லை. கோப்பின் வடிவத்திலும் இதே கருத்தைப் பின்பற்றுதல் நலம். லிப்ரே ஆஃபீஸ் என்னும் தொகுப்பு, ‘ஓ.டி.எஃப்.’ என்னும் திறந்த வடிவத்தில் கோப்புகளைச் சேமிக்கிறது. இவ்வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இதன் விதிகள் யாவர்க்கும் வெளிப்படையாக உள்ளமையால், இருபது ஆண்டுகட்குப் பின்னரும் அக்கோப்பைத் திறக்க ஒரு நிரலை எவரும் எழுதிவிடலாம்.

எவருக்கு எந்த உரிமை?

பள்ளியில் ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்துவர். டெபியனில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழு, ஏனையோர் என மூவகையினர் குறிக்கப்படுகின்றனர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூவகை உரிமைகள் இவர்களுக்குத் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. மாணவர் தம் கணக்கில் நுழைந்து எதனை அழித்தாலும், அவரது அடைவில் உள்ளவையே அழியுமன்றி இயங்குதளம் கெடுவதில்லை. இயங்குதளத்தை மாற்றும் முழு உரிமை ‘ரூட்’ என்னும் தனிக் கணக்குக்கே உண்டு. தேவை நேரும்போது மட்டும் அவ்வுரிமையைப் பெற்று, வேலை முடிந்ததும் அதனைக் கைவிடுவது நல்ல பயனரின் வழக்கமாகும்.

பழுது நேர்ந்தால் செய்வது

அச்சுப்பொறி திடீரென்று பணியை நிறுத்திவிட்டது எனக் கொள்வோம். அதனை அணைத்து மீண்டும் போடுவதற்கு முன், பயனர் பதிவேட்டைப் பார்க்கிறார். கணிப்பொறியில் நிகழ்வனவற்றுள் பல நாள், நேரம் ஆகியவற்றுடன் அதில் எழுதப்பட்டிருக்கும். தாள் சிக்கியதா, இணைப்பு அறுந்ததா, நேற்று மாற்றிய பொதியால் வந்த கோளாறா என்பதற்கு ஒரு குறிப்பேனும் அங்கே பெரும்பாலும் கிட்டும். அமைப்புகள் பெரும்பாலும் எளிய உரைக் கோப்புகளாக ‘ஈ.டி.சி.’ என்னும் அடைவில் உள்ளமையால், மாற்றுவதற்கு முன் படியெடுத்து வைத்துக்கொள்ளவும், தவறினால் பழைய படியைத் திரும்ப வைக்கவும் இயலும்.

பழுது தம் கணிப்பொறியில் இல்லை, மென்பொருளில்தான் உள்ளது என்று தெரிந்தால், பயனர் அதனை டெபியனின் பொதுப் பழுதுப் பதிவேட்டுக்கு எழுதி அனுப்புகிறார். எந்தப் பதிப்பு, யாது செய்தோம், யாது நிகழும் என எதிர்பார்த்தோம், யாது நிகழ்ந்தது என்னும் நான்கினையும் அதில் குறித்தல் வேண்டும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர் எழுதும் செய்முறைக் குறிப்பேட்டுக்கும் இதற்கும் வேற்றுமை மிகச் சிறிதே. ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. அவ்வெண் 10 லட்சத்தை என்றோ தாண்டிவிட்டது. முறையிட்டவர் யார், திருத்தியவர் யார், எந்நாளில் திருத்தினர் என்பவற்றை எவரும் காணலாம்.

திறந்திருந்தால் மட்டும் போதுமா?

மூலநிரல் திறந்திருக்கிறது, ஆயிரம் பேர் பார்க்கக்கூடும், ஆதலின் பிழை நிலைக்காது என்று பலர் கூறுவர். இக்கூற்று முழு உண்மையன்று என்பதற்கு டெபியனின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

2006இல் டெபியன் பணியாளர் ஒருவர், ‘ஓபன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் பாதுகாப்புப் பொதியில் சில வரிகளை நீக்கினார். இரகசியத் திறவுகோல்களை ஆக்குவதற்குத் தேவையான தற்செயல் எண்களைத் தந்த வரிகள் அவை. அதன் விளைவாக, கணக்கிலடங்காதனவாய் இருக்கவேண்டிய திறவுகோல்கள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 என்னும் அளவுக்குச் சுருங்கிப்போயின. எதிரி ஒருவர் அவை அனைத்தையும் சில மணி நேரத்தில் முயன்று பார்த்துவிடலாம். நிரல் வெளிப்படையாகவே இருந்தும், இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் இது படவில்லை. 2008 மே 13 அன்றுதான் பிழை அறிவிக்கப்பட்டது. உலகெங்குமுள்ள டெபியன் பயனர்கள் தம் பழைய திறவுகோல்களைக் களைந்து புதியன ஆக்கிக்கொள்ள நேர்ந்தது.

மற்றொரு நிகழ்ச்சி 2024இல் நிகழ்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சிறு பொதியைப் பேணும் பணியில், அடையாளம் இன்றுவரை உறுதியாகாத ஒருவர் வந்து சேர்ந்தார். ஈராண்டுகளுக்கு மேலாக உண்மையான வேலைகளைச் செய்து நம்பிக்கை பெற்றார். பின்னர், பிறர் கணிப்பொறிக்குள் புகுவதற்கான இரகசிய வாயிலொன்றை 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைத்து வைத்தார். அப்பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் வந்து சேர்ந்தன.

அதனைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியியலாளர். அவர் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர். ‘போஸ்ட்கிரஸ்’ என்னும் தரவுத்தளத்தில் பணியாற்றுபவர். டெபியனின் சோதனைக் கிளை ஓடிய கணிப்பொறியில் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதை அவர் கவனித்தார். வேறெவரும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கக்கூடிய அரை நொடி அது. காலதாமதத்தின் காரணத்தைத் தேடிச் சென்றார். மூலநிரல் கையிலிருந்தமையால் ஒவ்வொரு படியாக உள்ளே செல்ல முடிந்தது. இரகசிய வாயிலும் வெளிப்பட்டது. 2024 மார்ச்சு 29 அன்று அவர் அதனை வெளியிட்டார். டெபியனின் நிலைத்த பதிப்புக்கு அந்நஞ்சு வருமுன்னரே அது அகற்றப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இரண்டிலும் நிரல் திறந்தே இருந்தது. முன்னதில் பார்க்க இயன்றது. ஆயின் எவரும் பார்க்கவில்லை. பின்னதில், தம் கருவியின் இயல்பான நடையை நாள்தோறும் அறிந்திருந்த ஒருவர் இருந்தார். திறந்த மூலம் என்பது பார்க்கும் உரிமையைத் தருகிறது. பார்க்கும் கண்ணை அது தருவதில்லை. குடிமராமத்து இல்லாத ஏரி, ஊருக்கெல்லாம் பொதுவாயிருந்தும் தூர்ந்துபோவதை நாம் அறிவோம். பொது மென்பொருளின் நிலையும் அஃதேயாகும்.

பழைய கணிப்பொறிகளின் எதிர்காலம்

இன்று இச்செய்தி நமக்கு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்போ, ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட வகைச் செயலிகளையும் வேண்டுகிறது. 2017க்கு முன் வெளிவந்த இன்டெல் செயலிகளுள் பெரும்பாலானவை அதன் ஏற்புப் பட்டியலில் இல்லை. விசையும் திரையும் நன்றாக இருந்தும், இவற்றைக் கழித்துக்கட்டுவதா என்னும் வினா பல பள்ளிகளின் முன் நிற்கிறது.

64 பிட்டுச் செயலியும் 2 ஜிகாபைட்டு நினைவகமும் உள்ள கணிப்பொறியில் டெபியன் 13ஐ, ‘எக்ஸ்.எஃப்.சி.ஈ.’ போன்ற எளிய திரைச்சூழலுடன் இயக்கலாம். நினைவகத்தை 4 ஜிகாபைட்டாக உயர்த்தினால் வேலை இன்னும் சீராக நடைபெறும். ஒவ்வொரு நிலைத்த பதிப்புக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், மேலும் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் கிடைக்கின்றன. ஆயினும் 32 பிட்டுச் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணிப்பொறிகளில் 13ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவ இயலாது.

நம் நாட்டில் இது புதிய முயற்சியன்று. கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, அதனைக்கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறது. 2017இல் அது ‘கைட்’ என்னும் நிறுவனமாக அமைக்கப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. 2015இல் மத்திய அரசு, தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையையும் அறிவித்தது.

இடர்ப்பாடுகள்

நன்மைகளை மட்டும் கூறி இடர்களை மறைத்தல் முறையாகாது. சில அச்சுப்பொறிகளுக்கும் வருடிகளுக்கும் தயாரிப்பாளர் லினக்ஸுக்கான இயக்கி தருவதில்லை. வாங்குமுன் விசாரித்தல் வேண்டும். கம்பியில்லா இணைப்புச் சில்லுகள் பல, மூலம் வெளியிடப்படாத நிலைப்பொருளையே நம்பியுள்ளன. நெடுநாள் விவாதத்துக்குப் பின் 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, அத்தகைய நிலைப்பொருளையும் நிறுவியோடு சேர்க்க இசைந்தனர். ஒரே இயங்குதளத்துக்கென்று எழுதப்பட்ட அலுவலகப் பயன்பாடுகள் டெபியனில் ஓடாமற் போகலாம். அவற்றுக்கென ஒரு கணிப்பொறியைப் பழைய நிலையிலேயே ஒதுக்கி வைப்போரும் உண்டு. யாவற்றினும் பெரிய செலவு, கற்பதற்கு ஆகும் காலமாகும். முதல் இரு மாதங்களில் எளிய வேலைக்கும் நேரம் மிகுதியாகும் என்பதை முன்னரே அறிந்து தொடங்குதல் நன்று.

தொடங்க விரும்புவோருக்கு

முதலாவதாக, உள்ள கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்துக்கொள்க. இரண்டாவதாக, டெபியனின் ‘நேரடி’ வடிவத்தை 8 ஜிகாபைட்டு விரலியில் எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கிப் பார்க்க. வன்தட்டைத் தொடாமலேயே ஒலி, இணையம், அச்சு, தமிழ் விசைப்பலகை ஆகிய நான்கும் செவ்வனே இயங்குகின்றனவா என்று இதனால் அறியலாம். மூன்றாவதாக, எல்லாக் கணிப்பொறிகளையும் ஒரே நாளில் மாற்றாது, ஒன்றை மட்டும் மாற்றி ஒரு பருவம் பயன்படுத்திப் பார்க்க. நான்காவதாக, அக்கணிப்பொறியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, செய்த மாற்றத்தையும் கண்ட பழுதையும் நாளிட்டுக் குறித்து வருக. ஐந்தாவதாக, கற்றதை உடன் பணியாற்றும் இருவருக்கேனும் கற்பிக்க. ஒருவர் மட்டுமே அறிந்த ஏற்பாடு, அவருக்கு இடமாற்றம் வந்த அன்றே முடிந்துவிடும்.

இயங்குதளம் விலையின்றிக் கிடைப்பது ஒரு நன்மையே. ஆயின் அதனினும் பெரிது, அதனைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு. அவ்வாய்ப்பு பயன்படுவது, நாள்தோறும் சிறிது நேரம் பதிவேட்டைப் படித்து, வழக்கத்துக்கு மாறான அரை நொடியையும் ‘ஏன்?’ என்று கேட்பவர் இருக்குமிடத்திலேதான். வெப்பமானியையும் மழைமானியையும் தவறாது பார்த்துக் குறிக்கும் பழக்கத்தை நம் ஆசிரியர்கள் மாணவர்களிடம் வளர்த்து வருகின்றனர். வகுப்பறையின் மூலையிலுள்ள கணிப்பொறியையும் அப்பழக்கத்தினுள் கொண்டுவருவது அவர்களால் இயலாத செயலன்று.